சட்டம் பயின்ற தாமோதரம்பிள்ளை

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களின் பெயரைச் சொன்ன மாத்திரத்தே தமிழ் மாணவர் மனத்தில் எழுவன தொல்காப்பியமும் கலித்தொகையுமாம். அழியவிருந்த ஏடுகளை அச்சேற்றி நிலைநிறுத்திய முன்னோடி என்ற அளவில் அவர் வரலாற்றை நாம் படிக்கின்றோம். பரீட்சையில் வினாவும் அந்த அளவிலேயே வருகின்றது. முப்பத்தொன்பதாம் வயதிலே சட்டப் பரீட்சையிற் சித்தியெய்தி, ஐம்பது வயதை அடைந்த பின் நியாயத்தலம் புகுந்து, நியாயாதிபதியாயும் அமர்ந்தவர் அவர் என்பது நம் வரலாற்று நூல்களில் ஒரே வரியில் முடிந்துவிடுகின்றது. அந்த ஒரு வரியைச் சற்றே விரித்துப் பார்க்கவேண்டுமென்பது என் நெடுநாளைய விருப்பம்.

அதற்கொரு காரணமும் உண்டு. இலக்கியக் கூட்டங்களிலே பெரியோர் சிலர், பிள்ளையவர்கள் சட்டத்திற் கழித்த காலத்தைத் தமிழிலே கழித்திருப்பாராயின் சங்க நூல்கள் அனைத்தையும் அவரே வெளியிட்டிருப்பார் என்று இரங்கிப் பேசுவதை நான் பலமுறை கேட்டிருக்கின்றேன். இரக்கம் நல்லதே. ஆயினும், ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அவ்விரக்கத்துக்கு இடமில்லை. அதனைக் காட்டுதற்கு முதற்கண் அவர் சட்டத்தை வந்தடைந்த வழியைக் கூறவேண்டும்.

பிள்ளையவர்கள் 1832ஆம் ஆண்டு செப்டெம்பர் 12ஆம் திகதி யாழ்ப்பாணத்துப் புத்தூரை அடுத்த சிறுப்பிட்டியில் வைரவநாதபிள்ளைக்கும் பெருந்தேவி அம்மையாருக்கும் மகனாகத் தோன்றினார். தந்தையாரிடத்தே தொடங்கிய தமிழ்க்கல்வி சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடத்தே முற்றியது. ஆங்கிலக் கல்வியைத் தெல்லிப்பழை மிஷன் பாடசாலையிலும், பின்னர் வட்டுக்கோட்டைச் செமினரியிலும் பெற்றார். 1823இல் நிறுவப்பெற்று 1855இல் மூடப்பட்ட அச்செமினரி, கணிதமும் வானநூலும் தருக்கமும் தமிழும் ஒருங்கே கற்பித்த இடம். அங்கே கணிதம் கற்பித்த கறல் விசுவநாதபிள்ளையென்பவரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க. அவர் மீண்டும் வருவார்.

1852இல் செமினரியை விட்டு வந்தவர் கோப்பாயில் ஆசிரியரானார். இருபது வயதைச் சற்றே கடந்த நிலையில் நீதிநெறி விளக்கத்தை உரையோடு அச்சிட்டார். பேர்சிவல் பாதிரியார் அழைத்தபடி சென்னை சென்று தினவர்த்தமானிப் பத்திரிகையின் ஆசிரியராயினார். இவ்வளவும் நிகழ்ந்தபோது அவர் வயது இருபத்தைந்தைக் கடக்கவில்லை. ஆசிரியத் தொழில், பதிப்புத் தொழில், பத்திரிகைத் தொழில் மூன்றையும் ஒருவர் அதற்குள் தொட்டுவிட்டார் என்றால், ஒன்றிலே நிலைத்திராதவரென்று ஊரார் அக்காலத்திற் பேசியும் இருக்கலாம். ஊரார் வாய் எக்காலத்தும் ஒன்றுதானே!

1857இல் சென்னைச் சர்வகலாசாலை நிறுவப்பெற்றது. அவ்வாண்டிலேயே நடந்த முதலாவது பிரவேசப் பரீட்சையிற் பிள்ளையவர்கள் தேறினார். சில மாதங்களின் பின் நிகழ்ந்த முதலாவது பி. ஏ. பரீட்சையிலும் தோற்றித் தேறினார். அவரோடு தேறிய மற்றொருவர், முன்னே வட்டுக்கோட்டையிலே ஆசிரியராயிருந்த அந்த விசுவநாதபிள்ளையே. ஆசிரியரும் மாணாக்கரும் ஒரே பரீட்சை மண்டபத்திற்குச் சென்று, தென்னாட்டின் முதற் பட்டதாரிகளாக வெளிவந்தனர். 1820இற் பிறந்த விசுவநாதபிள்ளைக்கு அப்பொழுது முப்பத்தேழு வயதளவாகும். வீசகணிதம் என்னும் நூலைத் தமிழில் எழுதி வெளியிட்ட ஒருவர், தம்முடைய மாணாக்கனொடு சரிசமமாக அமர்ந்து பரீட்சை எழுத நாணவில்லை. பிற்காலத்தில் முப்பத்தொன்பதாம் வயதிலே மறுபடியும் பரீட்சை எழுதும் துணிவு பிள்ளையவர்களுக்கு எங்கிருந்து வந்ததென்று கேட்பாருக்கு, இவ்வாசிரியரைத்தான் நான் காட்டுவேன்.

பட்டம் பெற்றபின் கள்ளிக்கோட்டை அரசாங்க வித்தியாசாலையில் உதவி ஆசிரியராகச் சிறிது காலம் இருந்தார். பின்னர்ச் சென்னைக்கு மீண்டு, அரசாங்க வரவு செலவுக் கணக்குச்சாலையில் உத்தியோகம் ஏற்று, படிப்படியாக உயர்ந்து அதன் விசாரணைக் கருத்தரானார். கணக்குச்சாலை உத்தியோகம் அக்காலத்திலே பெரிய உத்தியோகம். உபகாரச் சம்பளத்துக்கு உரிமையுள்ளது. ஊரிலே தலைநிமிர்ந்து நடக்கவைப்பது. அங்கே அமர்ந்தவர் மேற்கொண்டு யாதொன்றும் படிக்கவேண்டியதில்லை. ஆயினும் பிள்ளையவர்கள் படித்தார். 1871ஆம் ஆண்டு பி. எல். பட்டத்தைப் பெற்றார்.

அப்பட்டத்துக்கு அக்காலத்திலே ஒருவர் யாது படிக்க வேண்டியிருந்ததென்பதை நோக்கினால் அவருடைய உழைப்பின் அளவு விளங்கும். சென்னையிலே சட்டத்துக்கெனத் தனிக் கல்லூரி அன்று இல்லை. அது 1891இலேதான் தோன்றியது. இராசதானிக் கல்லூரியில் 1855 முதலாகச் சட்ட விரிவுரைகள் நடைபெற்று வந்தன. பி. ஏ. பட்டம் பெற்றவரே பி. எல். பரீட்சைக்குப் போகலாம், ஆகவே சட்டம் என்பது பட்டத்தின்மேற் பட்டம். நாடெங்கும் சட்டம் புத்துருப் பெற்றுக்கொண்டிருந்த காலம் அது. 1859இல் குடியியல் நடைமுறைச் சட்டமும், 1860இல் தண்டனைச் சட்டத் தொகுப்பும், 1861இல் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் இயற்றப்பட்டன. 1862இல் பழைய சுப்ரீம் கோர்ட்டும் சதர் அதாலத்தும் ஒழிந்து சென்னை உயர்நீதிமன்றம் எழுந்தது. பழைய தீர்ப்புகளையும் படிக்கவேண்டும், புதிய சட்டங்களையும் படிக்கவேண்டும் என்ற இரட்டைச் சுமையை அன்றைய மாணவர் சுமந்தனர்.

இவற்றோடு இந்து சட்டமும் உண்டு. அது தமிழ்ப் பண்டிதரொருவருக்கு அந்நியமான துறையன்று என்பதே என் எண்ணம். மிதாட்சரம் என்பது யாது? யாஞ்ஞவல்கிய ஸ்மிருதிக்கு விஞ்ஞானேசுவரர் செய்த உரை. ஸ்மிருதி சந்திரிகை யாது? பல ஸ்மிருதிகளிலிருந்து திரட்டி விளக்கிய நூல். மூலம் ஒன்று, உரை வேறு, உரைகாரருள் மாறுபாடு, அம்மாறுபாட்டைத் தீர்க்கும் நெறி என்று இவையெல்லாம், இளம்பூரணரையும் சேனாவரையரையும் நச்சினார்க்கினியரையும் வைத்துக்கொண்டு நாம் நாடோறும் செய்யும் வேலையே அல்லவா? என் மாணவர்க்கு இதனை நான் வகுப்பிலே அடிக்கடி சொல்வதுண்டு. சொல்லதிகாரத்துக்கு உரைகாரர் நால்வரை ஒப்பிடக் கற்றவன் சட்டப் புத்தகத்தைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை.

இன்னும் ஒரு பொருத்தம் உண்டு. 1868ஆம் ஆண்டு இலண்டன் பிரிவிக் கவுன்சில், இராமநாதபுரம் சமஸ்தானத்துச் சுவீகார வழக்கிலே ஒரு தீர்ப்பு வழங்கியது. கணவனை இழந்த இராணியார், கணவன் உத்தரவின்றித் தாயத்தார் சம்மதத்தோடு பிள்ளை சுவீகாரம் எடுத்தது செல்லுமா என்பது வழக்கு. செல்லும் என்றனர். அத்தீர்ப்பிலே, தெளிவாக நிறுவப்பட்ட வழக்காறு எழுதப்பட்ட நூலினும் வலியுடையது என்னும் நெறி நிலைநாட்டப்பட்டது. இந்து சட்டம் படிப்போர் இன்றளவும் இதனைப் படிக்காமல் மேற்செல்ல முடியாது. அதே 1868ஆம் ஆண்டிலேதான், ஆறுமுக நாவலரவர்கள் பரிசோதித்துக் கொடுத்த தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையத்தைப் பிள்ளையவர்கள் வெளியிட்டார். வழக்கையும் செய்யுளையும் அடிப்படையாகக் கொண்டு இலக்கணம் செய்த நூல் அது. ஒரு கையிலே சொல் வழக்கைச் சான்றாகக் கொள்ளும் தொல்காப்பியமும், மறு கையிலே உலக வழக்காற்றைச் சான்றாகக் கொள்ளும் தீர்ப்பும் இருந்த காலத்தில் அவர் சட்டம் பயின்றாரென்பதை நினைக்கும்போது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டாகின்றது.

யாழ்ப்பாணத்தவருக்கு இது மேலும் எளிதென்பேன். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை மூன்றாக வகுத்துப் பேசுவது நம் வீட்டுத் திண்ணைப் பேச்சு. 1707இல் ஒல்லாந்தர் நம் வழக்காறுகளைத் தொகுப்பித்தனர். 1806இல் ஆங்கிலேயர் அத்தேசவழமைக்குச் சட்ட வலு அளித்தனர். எழுதாத வழக்கம் எழுத்தாகிச் சட்டமான கதையை ஊரிலேயே அறிந்தவர் பிள்ளையவர்கள்.

சில ஆண்டுகளின் முன், என்னிடம் படித்துப் பண்டிதராகி ஆசிரியத் தொழில் புரிந்துவந்த ஒருவர், நாற்பது வயதை எட்டியவர், ஒருநாள் மாலை என் வீட்டுக்கு வந்தார். கொழும்புச் சட்டக்கல்லூரிப் பிரவேசப் பரீட்சைக்கு விண்ணப்பிக்க விரும்புவதாயும், வீட்டிலே மனைவியார் மாத்திரம் இசைந்திருப்பதாயும், உறவினர் நகைப்பதாயும் கூறினார். மொழித்திறனுக்கு ஒரு வினாத்தாள், பொது அறிவுக்கு ஒரு வினாத்தாள் என்று விவரித்துவிட்டு, மெல்ல உள்ளத்தில் இருந்ததை வெளியிட்டார்.

“ஐயா, தமிழை விட்டுப் போகிறேன் என்று நீங்களும் நினைப்பீர்களோ?” என்றார்.

பிள்ளையவர்கள் கதையை அவருக்கு அன்று சொன்னேன். அவர் கேட்டிருந்துவிட்டு ஒரு நேரிய வினாவை எழுப்பினார். பிள்ளையவர்கள் சட்டம் படித்தது பணத்துக்காகவா, அறிவுக்காகவா? நல்ல சட்டத்தரணியாவதற்குரிய இலக்கணம் அவரிடத்தே இருப்பதை நான் அந்தக் கணத்திலேயே கண்டுகொண்டேன்.

என் மறுமொழி இது. பணத்துக்காகவும் என்று சொல்வதில் நாம் கூசவேண்டியதில்லை. ஏடு தேடுவதற்கு ஆளனுப்பவேண்டும். கிடைத்த ஏட்டைப் பெயர்த்தெழுதுவோருக்குக் கூலி கொடுக்கவேண்டும். காகிதமும் அச்சுக்கூலியும் கொடுக்கவேண்டும். தொல்காப்பியத்தை வாங்குவோர் அந்நாளில் எத்தனைபேர்? அச்சிட்ட நூல்கள் விலையாகாமற் கிடக்கும், கடன்காரர் காத்திருக்கமாட்டார். அரசாங்கமோ மடங்களோ முழுச்செலவையும் ஏற்ற வேலையன்று அது. போதாக்குறைக்கு 1876இல் ஏழாலையிலே ஒரு வித்தியாசாலையையும் அவர் தொடங்கினார். சுன்னாகம் குமாரசுவாமிப் புலவர் கற்பித்த பாடசாலை அது. சம்பளக்காரர் ஒருவர் கடலுக்கு அப்பாலிருந்து ஒரு பாடசாலையையும் பேணி, சங்க நூல்களையும் அச்சிடுவதென்றால், உபகாரச் சம்பளத்துக்கு மேலே ஒரு வருவாய் வேண்டுமே.

பணம் மாத்திரமே காரணமாயின் 1871இலேயே கணக்குச்சாலையை விட்டு நியாயத்தலத்துக்குப் போயிருப்பார். போகவில்லை. பட்டத்தைப் பெற்று வைத்துக்கொண்டு, பதினோராண்டு அந்த உத்தியோகத்திலேயே இருந்து, 1882இல் ஓய்வுபெற்றார். அதன்பின் கும்பகோணஞ் சென்று வழக்கறிஞராயினார். தஞ்சைத் தரணியின் நிலவழக்குகளும் கோயில் வழக்குகளும் மடத்து வழக்குகளும் வந்து குவியும் ஊர் அது. ஏட்டுச் சுவடிகளும் அங்கேதான் மிகுதி. அந்த ஊரை அவர் தெரிந்துகொண்டதில் இரண்டாவது காரணமும் இருந்திருக்குமென்று நான் நம்புகிறேன்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். அவர் பட்டம் பெற்ற மறு ஆண்டாகிய 1872இலே சாட்சியச் சட்டமும் ஒப்பந்தச் சட்டமும் புதிதாகப் பிறந்தன. அவர் ஓய்வுபெற்ற 1882இலே சொத்து மாற்றச் சட்டம் இயற்றப்பட்டதோடு, குடியியல் நடைமுறையும் குற்றவியல் நடைமுறையும் மீள இயற்றப்பட்டன. ஆகவே, பரீட்சைக்காக முன்னே படித்தவற்றிற் பெரும்பகுதி, அவர் நியாயத்தலம் புகுந்த நாளிலே பழங்கதையாகிவிட்டது. ஐம்பது வயதிலே, இருபத்தைந்து வயது வழக்கறிஞர் கூட்டத்தினிடையே, மறுபடியும் முதலிலிருந்து படிக்கவேண்டிய நிலை. இளைஞனுக்குப் பரீட்சை முடிந்தவுடன் படிப்பு முடிந்துவிட்டதுபோல ஒரு மயக்கம் உண்டு. இவருக்கு அம்மயக்கத்துக்கு வழியே இருக்கவில்லை.

இனி, அந்த இரங்கற்பேச்சுக்கு விடையாக ஆண்டுகளை எண்ணுவோம். சட்டம் பயின்று முடித்த 1871க்கும் 1880க்கும் இடையே பெரிய பதிப்பு யாதும் வெளிவரவில்லை; அது கணக்குச்சாலைக் காலம். 1881இல் வீரசோழியம் வந்தது. 1883இல் இறையனார் அகப்பொருளும் தணிகைப்புராணமும். 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம். 1887இல் கலித்தொகை. 1889இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும். 1891இல் எழுத்ததிகாரம் நச்சினார்க்கினியம், 1892இல் சொல்லதிகாரம் நச்சினார்க்கினியம். 1887இலே புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நியாயாதிபதியாக நியமனம் பெற்று, 1890 வரை அப்பதவியில் இருந்தார். எனவே, கலித்தொகை அவர் நியாயாசனம் ஏறிய ஆண்டிலே வந்தது. இலக்கண விளக்கமும் சூளாமணியும் அவர் நியாயாசனத்திலே இருந்தபோது வந்தன. சட்டத்தைத் தொழிலாகக் கொண்ட அந்தச் சில ஆண்டுகளே அவர் பதிப்புப் பணியின் விளைச்சற் காலமாயின. சட்டம் தமிழிலிருந்து அவரைப் பறித்ததென்போர் இவ்வாண்டுகளுக்கு என்ன சமாதானம் கூறுவரோ அறியேன்.

காலம் மாத்திரமன்று, முறையும் சட்டத்தினாற் கூர்மையடைந்தது. அவருடைய பதிப்புரைகளை எடுத்துப் படித்தால் இது தெரியும். நம் பழைய பதிப்புகளில் முன்னுரை என்பது வணக்கமும் அவையடக்கமும் சிறப்புப்பாயிரமுமாக முடிந்துவிடும். பிள்ளையவர்கள் பதிப்புரையோ வழக்குரை. எடுத்துக்கொண்ட நூல் இன்ன காலத்தது என்று முதலிலே கட்சியை நாட்டுவார். கிடைத்த பிரதிகள் எவை, எங்கிருந்து வந்தன, எந்நிலையில் இருந்தன என்று சாட்சிகளை நிறுத்துவார். எதிர்க்கட்சியார் சொல்லக்கூடியதைத் தாமே எடுத்துச் சொல்லி மறுப்பார். வீரசோழியப் பதிப்புரையிலே தமிழின் வரலாற்றைக் காலப்பகுதிகளாக வகுக்க முற்பட்டதும் இத்தகைய முயற்சியே. அவர் முடிபுகளுட் சில இன்று நிற்கமாட்டா. ஆயினும், சான்று காட்டாமல் முடிபு கூறக்கூடாதென்ற பழக்கத்தை அவர் தமிழ்ப் பதிப்புலகிலே விதைத்தார்.

நடுநிலைமையையும் சொல்லவேண்டும். வீரசோழியம் பௌத்தர் செய்த இலக்கணம். சூளாமணி சமணர் செய்த காவியம். சைவராகிய அவர் இரண்டையும் விருப்பு வெறுப்பின்றிப் பரிசோதித்து வெளியிட்டார். இலக்கண விளக்கத்தின் கதை இன்னும் சுவையானது. வைத்தியநாத தேசிகர் செய்த அந்நூலைச் சிவஞான முனிவர் இலக்கண விளக்கச் சூறாவளி என்னும் நூலால் மறுத்தார். முனிவருடைய பெருமை காரணமாகச் சூறாவளியைப் படித்தோர் பலராயினர். மறுக்கப்பட்ட நூலையோ படிப்பார் அருகினர். குற்றப் பத்திரிகையை எல்லாரும் படித்தாயிற்று, எதிரியைக் கண்டவரில்லை என்ற நிலை. நியாயாதிபதியாக இருந்த ஒருவர் அந்நிலையைப் பொறுப்பரா? நூலையே சபையின் முன் நிறுத்தினார். அதனாலே எழுந்த கண்டனங்களும் குறைவல்ல.

அவருடைய தீர்ப்பெல்லாம் பிழையற்றவை என்று நான் சாதிக்க வரவில்லை. 1885இல் வெளிவந்த பொருளதிகாரத்திலே இறுதி நான்கியல்களின் உரையையும் நச்சினார்க்கினியருடையதென்றே கொண்டு பதிப்பித்தார். அவ்வுரை பேராசிரியருடையதென்பதைப் பின்னர் ரா. இராகவையங்கார் செந்தமிழ்ப் பத்திரிகையிலே தக்க காரணங்களோடு நிறுவினார். கீழ்மன்றத் தீர்ப்பு மேன்முறையீட்டிலே மாற்றப்பட்டது, அவ்வளவே. ஆனால், மேன்முறையீடு செய்யவும் கையிலே ஓர் அச்சுப் புத்தகம் வேண்டியிருந்ததன்றோ? எங்கள் கல்லூரியிலே மெய்ப்பாட்டியல் பாடஞ் சொல்லும்போது இந்த வரலாற்றைச் சொல்லாமல் நான் தொடங்குவதில்லை.

கும்பகோண வாழ்வைப் பற்றிச் சொல்லும்போது உ. வே. சாமிநாதையரவர்களை விட்டுவிட இயலாது. அக்காலத்திலே அவ்வூர்க் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த ஐயரவர்கள் சீவகசிந்தாமணியைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். அதனைத் தாமே அச்சிட வேண்டுமெனப் பிள்ளையவர்கள் விரும்பியதையும், தாம் அதற்கு இசையாததையும் ஐயரவர்கள் தம் சுயசரிதையிலே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். படிப்போர் சிலர் இதனைப் பெரும் பிணக்காக்கி, ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்தப் பார்க்கின்றனர். எனக்கு அதிலே உடன்பாடில்லை. ஐம்பது கடந்த ஒருவருக்கு, எஞ்சிய நாள் எத்தனையோ என்ற ஏக்கம். முப்பது வயதினராகிய மற்றவருக்கு, தம் உழைப்பின் பயனைத் தாமே காணவேண்டுமென்ற உறுதி. இரண்டும் நியாயமே. 1887ஆம் ஆண்டு சிந்தாமணியும் வந்தது, கலித்தொகையும் வந்தது. வாதி பிரதிவாதி இருவருக்கும் தீர்ப்புக் கிடைத்த அபூர்வமான வழக்கு அது. ஆதாயம் அடைந்தோர் நாம்.

சட்டமும் தமிழும் ஒருங்கே நின்றமைக்கு அக்காலத்தில் அவர் ஒருவர் மாத்திரம் சான்றல்லர். மாயூரத்திலே முன்சீபாயிருந்த வேதநாயகம்பிள்ளை, நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்துச் சித்தாந்த சங்கிரகம் என்று 1862இலே தமிழிற் தந்தார். பின்னர் 1879இல் பிரதாப முதலியார் சரித்திரத்தையும் தந்தார். யாழ்ப்பாணத்து விசுவநாதபிள்ளையென்னும் மற்றொருவரின் மைந்தராய்ச் சென்னையிற் பிறந்த வி. கனகசபைப்பிள்ளை சட்டம் படித்துச் சிறிதுகாலம் வழக்கறிஞராயிருந்து, அத்தொழில் மனத்துக்கு ஒவ்வாமையால் தபால் இலாகாவுக்குப் போனார். ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழகத்தைப்பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் யாவரும் அறிந்ததே. ஒருவர் உத்தியோகத்தை விட்டுச் சட்டத்துக்கு வந்தார். ஒருவர் சட்டத்தை விட்டு உத்தியோகத்துக்குப் போனார். இருவரிடத்தும் தமிழ் இருந்தது. என் மாணவருக்கு இதனையும் சொன்னேன். நம் பாட்டனார் காலத்துப் பிரக்கிராசிமாரும் அப்புக்காத்துமாரும் இராமாயணமும் கந்தபுராணமும் பயன் சொன்ன வீடுகளை அவரும் அறிவார். இன்று அவ்விரண்டு பெயரும் போய்ச் சட்டத்தரணி என்ற ஒரே பெயர் நிற்கிறது. அவர் விண்ணப்பம் அனுப்பினார், முதன்முறை தேறவில்லை, இரண்டாம் முறை தேறினார்.

புதுக்கோட்டையைப்பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இளவரசர் பராயமடையாதவராக, திவான் சேஷையா சாஸ்திரியார் ஆட்சியை நடத்திவந்த காலம் அது. 1890இல் நியாயாசனத்தை விட்டிறங்கிய பிள்ளையவர்கள் சென்னையில் வந்தமர்ந்தார். வயதோ ஐம்பத்தெட்டு. இருமுறை ஓய்வுபெற்றவர் மூன்றாம் முறையாக உழைக்கத் தொடங்கினார். தொல்காப்பியத்தின் எஞ்சிய பகுதிகளுக்கு நச்சினார்க்கினியர் உரை அப்பொழுதுதான் அவர் கையால் வெளிவந்தது. 1868இல் சேனாவரையத்தோடு தொடங்கிய தொல்காப்பியப் பணி 1892இல் முற்றுப்பெற்றது. இடையிலே சென்றவை இருபத்துநான்கு ஆண்டுகளும், கணக்குச்சாலை, வழக்குமன்றம், நியாயாசனம் என்னும் மூன்று வாழ்வுகளும். 1895இல் அரசாங்கத்தார் அவருக்கு இராவ்பகதூர்ப் பட்டம் அளித்தனர்.

அவர் நியாயாசனத்தை விட்ட மறு ஆண்டிலே சென்னைச் சட்டக்கல்லூரி தோன்றியது. உயர்நீதிமன்றத்தின் அருகே அதற்கென்று எழுந்த கட்டிடம் 1899இல் முடிந்தபோது, கல்லூரியும் கட்டிடமும் இல்லாத நாளிலே சட்டம் பயின்ற அம்முதியவர் அந்நகரிலேயே வாழ்ந்துகொண்டிருந்தார். 1901ஆம் ஆண்டு சனவரி முதலாம் திகதி, தம் அறுபத்தொன்பதாம் வயதில், சென்னையிலே அவர் காலமானார்.